யந்திரத்தின் குலுக்கல்

இராயபுரத்துத் தெரு ஒன்றில் பதின்மூன்று குடும்பத்தார் சேர்ந்து குலுக்குச் சீட்டுப் போடுவதாக வைத்துக் கொள்வோம். எந்த மாதம் யாருக்குப் பணம் என்பதை முதல் நாளே குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். முன்பெல்லாம் பெயர் எழுதிய காகிதங்களைச் செம்பில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இப்போதோ காலேஜில் படிக்கும் பிள்ளையாண்டான் கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதிப் பட்டியலை நீட்டி விடுகிறான். யந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாதே என்று எல்லோருக்கும் பரம திருப்தி. அந்தத் திருப்திக்கு ஆதாரம் உண்டா என்பதே நமது கேள்வி.

உண்மையில், புரோகிராம் மொழிகளுடன் கூடவே வரும் சாதாரணக் கருவி குலுக்குவதில்லை, கணக்குத்தான் போடுகிறது. 'விதை' என்று ஓர் எண்ணை வாங்கிக் கொண்டு, அதிலிருந்து அடுத்த எண்ணைச் செய்கிறது. 'ஸி' மொழியின் தர விதிகளில் உதாரணமாகக் காட்டிய சூத்திரம், 1103515245 ஆல் பெருக்கி 12345 ஐக் கூட்டுவதே. விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்றுதான்.

பதின்மூன்று பெயர்களை 622 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் வரிசைப்படுத்தலாம். 32 பிட் விதையோ 429 கோடிச் சொச்சந்தான். ஆகவே, 193 கோடிக்கும் அதிகமான வரிசைகள் எத்தனை யுகம் குலுக்கினாலும் வரவே மாட்டா!

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. கடிகார நேரத்தையே விதையாக வைத்து விட்டால், குலுக்கிய வேளையை அறிந்தவன் பட்டியலையும் அறியலாம். 1999-இல் இன்டர்நெட் சீட்டாட்டம் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லி ஸெகண்டுகளே அங்கே விதை. நாள் முழுவதற்கும் 8 கோடியே 64 லட்சந்தான். அமெரிக்க நிபுணர்கள் சிலர் கடிகாரத்தை ஒத்துப் பார்த்து, எதிராளிகளின் சீட்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

குலுக்கலில் யாரும் முன்கூட்டி அறியக் கூடாது என்ற ஜாக்கிரதை நம் நாட்டுக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்து வாங்க வேண்டும். எத்தனை நிபந்தனைகள்!

சாதாரணக் கருவியை அடியோடு பழிப்பது நியாயமாகாது. விஞ்ஞானப் பரிசோதனைகளில் அதே வரிசை மறுபடி வருவது அநுகூலமே. விளையாட்டுக்கும் அது போதும். பிறருடைய பாக்கியத்தைத் தீர்மானிக்கத்தான் உதவாது. அதற்கென்று பைத்தானில் 'சீக்ரெட்ஸ்', ஜாவாவில் 'செக்யூர் ராண்டம்' முதலிய கருவிகள் தனியே இருக்கின்றன.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடங்கள் ஏழைக் குழந்தைகளுக்கு உரியவை. மனுக்கள் மிகுந்தால் குலுக்கல்தான் வழி. அத்தகைய இடங்களில் யந்திரம் வந்து உட்காருமானால், "விதை எங்கிருந்து வந்தது?" என்று பெற்றோர் தயங்காமல் கேட்கட்டும். குடத்தைத் திறந்து காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகாது.