ஜாங்கோவின் நீடுவாழ்வு

கணினித் துறையிலே இருபதாண்டு என்பது ஒரு யுகம். இன்று போற்றப்படும் மென்பொருள் நாளை பேசுவாரற்றுப் போவதை நாம் பன்முறை கண்டுள்ளோம். அங்ஙனமாக, 2005ஆம் ஆண்டு யூலை மாதத்திலே திறந்த மூலமாக வெளியிடப்பட்ட ஜாங்கோ என்னும் இணையச் சட்டகம் இன்றும் தளராது வழங்குதற்குக் காரணம் யாது?

சட்டகமாவது யாதென இத்துறை பயிலாத அன்பர் வினவலாம். வலைத்தளம் அமைப்போர் யாவர்க்கும் பொதுவான வேலைகள் சில உள. உட்புகுவோரை இன்னாரென அறிதல், தரவுகளைச் சேமித்தல், பக்கங்களை ஆக்கல் என்பன அவை. இவற்றை ஒருமுறை செவ்வனே செய்து எவரும் எடுத்தாளுமாறு வைப்பதே சட்டகம்.

ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரிலுள்ள ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். 2003இலே ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் அதனைத் தொடங்கினர். செய்தி நாளைவரை காத்திராதன்றோ? நிரல் எழுத அறியாத ஆசிரியரும் செய்தியை ஏற்றுதற்கான நிருவாகப் பக்கத்தை அது தானே ஆக்கித் தருவது அப்பிறப்பின் பயன். பெயரோ, தீவிபத்திலே இடக்கை விரல்கள் இரண்டு ஊனமுற்ற பின்னும் கித்தார் இசையில் புகழெய்திய ஜாங்கோ ரைன்ஹார்ட்டினுடையது.

ஆயினும் நற்பிறப்பொன்றே நீண்ட ஆயுளைத் தருவதில்லை. ஜாங்கோ பழையதைக் கழிக்கும் முறையையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். நீக்கக் கருதும் ஒன்றைக் குறைந்தது இரு வெளியீடுகளிலாவது எச்சரிக்கையோடு இயங்கவிட்டே அது நீக்கும். பைதன் மொழி இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாவதற்கு மாறிய இடர்க்காலத்திலும் இம்முறை பிறழவில்லை. 2013இல் வந்த 1.5 வெளியீடு புதிய பதிப்பைப் பரீட்சார்த்தமாக ஏற்றது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பழையதைக் கைவிட்டது. பழையதிலேயே நின்றோர்க்கு 1.11 வெளியீட்டின் வழியாக 2020 ஏப்பிரில் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. அத்துணை அவகாசமிருந்தும் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதிருந்த நாம் ஈற்றில் பல இரவுகள் விழித்திருக்க நேர்ந்தது. அது சட்டகத்தின் குற்றமன்று.

மற்றொன்று, 2014 சனவரியிலே ஹொலொவாட்டியும் ஜேக்கப் கப்லன்-மொஸ்ஸும் இறுதி முடிவு செய்யும் அதிகாரத்தைத் தாமே துறந்தமை. தாம் வளர்த்ததைத் தம் கைக்குள்ளேயே வைத்து வாடவிடுவோர் எத்துறையிலும் பலர். இவர்கள் அங்ஙனம் செய்திலர்.

ஜாங்கோ மந்தமாக நடக்கின்றதெனக் குறை கூறுவாருளர். அதில் உண்மையுண்டு. ஒன்றன் விடைக்குக் காத்திராமலே மற்றொன்றைக் கவனிக்கும் செயல்முறை 2019 டிசம்பரில் வந்த 3.0 வெளியீட்டிலேதான் இடம்பெறத் தொடங்கியது. ஆயினும் பிறருடைய பல்லாண்டுழைப்பு தன்மேல் நிற்கும்போது விரைந்தோடுவது பொறுப்பாகாதென்பதே எம் கருத்து.

எமக்குக் கவலை தருவது வேறு. வந்து குவியும் வழுக்களையும் திருத்தங்களையும் நாடோறும் கவனித்தற்கென 2014 முதலாக ஊதியம் பெறும் ஓரிருவர் அமர்த்தப்பட்டு வருகின்றனர். அவ்வூதியத்தை வழங்கும் ஜாங்கோ அறநிலையமோ நன்கொடையை நம்பியிருப்பது. இன்ஸ்டகிராம் போன்ற பெருந்தளங்களே இச்சட்டகத்தின்மேல் எழுந்தன. ஜாங்கோவால் ஊதியம் பெறும் எம் பழைய மாணவர், ஆண்டுதோறும் வரவுசெலவு வகுக்கும்போது அவ்வறநிலையத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குமாறு தத்தம் நிறுவனத்தாரை வற்புறுத்துவாராக.