துணிப்பையின் துளைக்கும் கூலி உண்டு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

அறிவியல் மாணவி ஒருத்தி கல்லூரி மலரில் எழுத வந்தால் விண்கலத்தைப் பற்றியோ அணுவைப் பற்றியோதான் எழுத வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத விதி. நான் ஒரு துணிப்பையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதிலும் முழுப் பையைப் பற்றியன்று. தூக்குவதற்காக அதன் மேற்புறத்தில் வெட்டப்படும் துளையைப் பற்றி. தனியாகக் காது வைக்காமல், துணியிலேயே கை நுழையும் அளவு துளையிட்டு, ஓரம் மறைத்துத் தைத்த பையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகக் கடைகளிலும் திருமண வீட்டுத் தாம்பூலத்திலும் அது தென்படுகிறது. அந்தத் துளைக்கு உரிய கூலி கிடைப்பதில்லை என்பதே என் வாதம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மறு ஆண்டே கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரத்தையும் நிறுவினார்கள். மஞ்சள் பையோடு பேருந்தை விட்டு இறங்கியவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த அதே நகரம், இன்று அந்தப் பையைக் கேட்டு வாங்குகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இத்தனை பேச்சிலும் பையை வாங்குகிறவர் வருகிறார், விற்கிறவர் வருகிறார், வாழ்த்துகிறவர் வருகிறார், தைக்கிறவர் வருவதில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மா ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தோடு வாழ்பவர். என் தேர்வுக் கட்டணமும், ஆய்வகப் பதிவேடும், பேருந்துச் செலவும் பெரும்பாலும் பைத் தையலிலிருந்து வந்தவை. ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலையாளர் அல்லேன். கணக்கை மட்டும் நடுநிலையோடு வைக்கிறேன்.

காது வைத்த பையை முதலில் பார்ப்போம். நீளப் பட்டைகள் இரண்டை மடித்து ஓட்டுவது, அவற்றின் முனைகளைப் பையின் வாய் மடிப்பில் செருகிச் சதுரமும் பெருக்கல் குறியுமாக அடிப்பது, எல்லாம் நேர்த்தையல். நாலு பை தைத்துவிட்டால் பிறகு கை தானே ஓடும்.

துளைப்பை அப்படியன்று. காடாத் துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டிய பிறகு, மேற்புறத்துக்கு உள்ளே கொடுக்க ஆறு அங்குல உயரத்தில் இரண்டு பட்டித் துணிகள் வெட்ட வேண்டும். ரவிக்கைக் கழுத்துக்குப் பட்டி கொடுப்பார்களே, அதே முறைதான். நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேரும்படி பட்டியை வைத்து, அட்டையில் வெட்டிய அளவை மேலே வைத்துப் பென்சிலால் துளையை வரைவார் அம்மா. நீளம் நாலரை அங்குலம், அகலம் ஒன்றேகால். மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே. வரைந்த கோட்டின் மேலேயே பொடித் தையலாக ஒரு சுற்று. அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். தையலுக்கு உட்புறமாகக் கால் அங்குலம் விட்டுத் துணியை வெட்டி எடுத்து, வளைந்த இரு முனைகளிலும் தையலுக்கு மிக அருகே வரை, ஆனால் தையலைத் தொடாமல், சின்னச் சின்ன நறுக்குகள் கொடுக்க வேண்டும். ஒரு நூல் தாண்டினால் அந்தப் பக்கம் முழுவதும் வீண். நறுக்கு போதாவிட்டாலோ திருப்பும்போது வளைவு சுருங்கிக்கொள்ளும். பிறகு பட்டி முழுவதையும் அந்தத் துளை வழியாகவே மறுபக்கம் இழுத்து, நகத்தால் நீவி, இஸ்திரி போட்டு, ஓரத்தை ஒட்டி இன்னொரு சுற்றுத் தையல். கடைசியாகத்தான் பையின் மேல் விளிம்பையும் பட்டியின் மேல் விளிம்பையும் உள்ளே மடித்து அடிப்பது. மேல் விளிம்பை முதலில் முடித்துவிட்டால் துளையின் பிசிறை உள்ளே மறைக்க வழியே இல்லை. இவ்வளவும் ஒரு பக்கத்துக்கு. மறுபக்கத்துத் துளை இதற்கு நேராக அமையாவிட்டால் தூக்கும்போது பை கோணும்.

துளையின் முனையைச் சதுரமாக வெட்டினால் வேலை குறையுமே என்று ஒருநாள் கேட்டேன். “மூலையில கிழியும்” என்றார். அவ்வளவுதான் விளக்கம். நான்தான் நூலகத்துக்குப் போய்த் தேட வேண்டியிருந்தது. அகன்ற தகடு ஒன்றில் வட்டத் துளையிட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு மற்ற இடத்தைப் போல மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1898இல் காட்டினார். நீள்வட்டத் துளைக்கான கணக்கை 1913இல் இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயர் தந்தார். முனை கூராகக் கூர அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். 1954இல் பிரிட்டனின் காமெட் விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறின. பிறகு ஒரு விமானத்தின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் இட்டு, அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்பு ஒன்றின் மூலையருகே உலோகம் சோர்ந்து விரிசல் கண்டது தெரியவந்தது. விமானத்தையும் பையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாளே என்று இயற்பியல் துறை ஆசிரியர்கள் புன்னகைக்கலாம். துணி தகடன்று; அந்த மூன்று மடங்கை அப்படியே பைக்குப் பொருத்த முடியாது என்பதை நானும் அறிவேன். ஆனால் சுமை போகும் வழியைப் பாருங்கள். துளைக்கு நேர் கீழே உள்ள பாவு நூல்கள் அறுபட்டவை; அவற்றால் சுமையைக் கைக்கு நேராகச் சேர்க்க இயலாது. அவற்றின் பங்கும் சேர்ந்து துளையின் இரு முனைகளை ஒட்டிய முழு நூல்களின் தலையில் விழுகிறது. பையில் 5 கிலோ அரிசி இருந்தால் சுமை 49 நியூட்டன். இரண்டு துளைகளுக்கும் சேர்த்து முனைகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 12 நியூட்டன். பேருந்து குலுங்கினால் இன்னும் மிகும். “மூலையில கிழியும்” என்ற இரண்டு சொற்களுக்குள் இவ்வளவும் இருந்தன.

இனிக் கூலிக்கு வருவோம். காது வைத்த பைக்கு 9 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஏஜெண்ட் அண்ணன், துளைப்பை ஆர்டர் கொண்டுவந்தபோது, “காது வெட்டித் தெக்கிற வேலை இல்லீங்களேக்கா, ஓட்டை போடறதுதானே, ரெண்டு ரூபா குறைச்சுக்கலாம்” என்றார். பள்ளி திறக்கும் மாதம். அம்மா ஒப்புக்கொண்டார்.

ஆய்வகத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கெடுப்பது போல, நான் கடிகாரத்தோடு அம்மாவின் அருகில் உட்கார்ந்தேன். (“ஊசிக்குப் பக்கத்துல கையை நீட்டாத” என்று மூன்று முறை திட்டும் வாங்கினேன்.) காது வைத்த பை 10 தைக்க 110 நிமிடம். துளைப்பை 10 தைக்க 160 நிமிடம். முன்னதற்குக் கூலி 90 ரூபாய், பின்னதற்கு 70. மணிக்கணக்கில் சொன்னால், முன்னது 49 ரூபாய், பின்னது 26. வேலை கடினமாக ஆக, கூலி ஏறக்குறைய பாதியாகிறது! காது என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள். அதற்குத் துணி செலவாகிறது. ஆகவே அதற்கு விலை உண்டு. துளை என்பது இல்லாத இடம். இல்லாத இடத்துக்கு எப்படிக் கூலி கேட்பது என்று நினைக்கிறார்கள் போலும்.

கணக்கை ஏஜெண்ட் அண்ணனிடம் காட்டினேன். அவர் கெட்டவர் அல்லர். நோட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். “கணக்கு சரிதான் கண்ணு. ஆனா வாங்கறவங்க ஒத்துக்கோணுமே” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வாங்குகிறவர் துணி எத்தனை மீட்டர், அச்சுக்கு எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று கேட்கிறார். இவை மூன்றும் குறையாதவை. மிச்சமிருப்பது தையல் ஒன்றுதான், குறைப்பதெல்லாம் அதில்தான்.

கூலி குறைந்தால் என்ன நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொடித் தையல் நீளத் தையலாகும். நறுக்குகள் குறையும். இஸ்திரி நிற்கும். வட்ட முனை சதுர முனையாகும். பை பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பத்தாம் முறை கிழியும். பருத்திப் பை, பிளாஸ்டிக் பையைவிடப் புவிக்கு நல்லது என்பது தானாகவே உண்மையாகிவிடுவதில்லை. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் எரிபொருளும் செலவாகின்றன. வெப்பமாதலை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வர, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று 2011இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பத்தாம் முறை கிழியும் பையை வைத்துக்கொண்டு எந்தச் சுற்றுச்சூழலைக் காப்பது?

இதைவிட வேடிக்கை ஒன்று. வெளியூரில் நான் சென்றிருந்த கருத்தரங்கு ஒன்றில், ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்று அச்சிட்ட பையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். கைப்பிடித் துளை இயந்திரத்தால் குத்தப்பட்டிருந்தது; தையலே இல்லை, ஓரங்கள் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருந்தன. துணி போலத் தோன்றும் அது துணியன்று. நெய்யாமலே இழைகளை ஒட்டிச் செய்த பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். 2019ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது. ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பாவு, ஊடை என்று நூல் உருவ முடியாது. தீயில் காட்டினால் உருகும். பருத்தி எரிந்து சாம்பலாகும். நம் அம்மாமார்களின் 16 நிமிடத் துளை போட்டியிடுவது இந்தக் கணநேரத் துளையோடுதான்.

என் தோழி ஒருத்தி கேட்டாள்: “வீட்டில் இருந்தபடி ஓய்வு நேரத்தில் செய்வதுதானே, அதற்கு மணிக்கணக்கு எதற்கு?” எங்கள் வீட்டில் அந்த ஓய்வு நேரம் இரவு ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவிய பின் தொடங்குகிறது. இன்னொருவர், துளையே வேண்டாம், எல்லாவற்றுக்கும் காது வைத்துவிடலாமே என்றார். காய்கறிக்கும் அரிசிக்கும் நானும் அதையே சொல்வேன், தோளில் மாட்டலாம். ஆனால் புத்தகத்துக்கும் கோப்புக்கும் துளைப்பைதான் ஏற்றது. தட்டையாக அடுக்கலாம், மடித்துச் சட்டைப் பையில் வைக்கலாம், பேருந்துக் கம்பியில் காது சிக்காது.

நம் கல்லூரியின் அடுத்த விழாவுக்குப் பை வாங்கும்போது, விலைப்புள்ளித் தாளில் துணி, அச்சு, வண்டி வாடகை ஆகியவற்றோடு தையல் கூலி என்றும் ஒரு வரி தனியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 49 ரூபாய் தாராளமான கூலி என்று நான் சொல்லவில்லை. அந்த அளவை வைத்தே பார்த்தாலும் 16 நிமிடத்துக்கு 13 ரூபாய் ஆகிறது; இன்று தருவதைவிட 6 ரூபாய் கூடுதல். 300 பைக்கு 1,800 ரூபாய். அந்தத் தொகையை மேடைப் பதாகையின் நீள அகலத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

வட்ட முனை வைத்த பை ஒன்றையும் சதுர முனை வைத்த பை ஒன்றையும் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டும் இயற்பியல் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. விரும்புகிறவர் ஒவ்வொன்றிலும் 5 கிலோ மணலை இட்டு, தூக்கித் தூக்கி இறக்கி எண்ணிக் குறிக்கலாம். பதிவேடு பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.