கோட்பாட்டு ஆய்வாளருக்குக் காலம் கொடுங்கள்

2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் திட்டத்தின் மதிப்பு 6,003 கோடி ரூபாய். எட்டு ஆண்டுத் திட்டம். ஆனால், அதற்கு அடித்தளமான கணக்குகளைப் போடும் இளம் கோட்பாட்டு இயற்பியலாளர், முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தப் பணிகளில்தான் காலம் தள்ளுகிறார். ஒரு கணக்கு பிடிபடவே ஓராண்டு ஆகிவிடும். உடனே அடுத்த ஊருக்கு விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும். திருமணம், குழந்தை, பெற்றோர் எல்லாம் அந்த விண்ணப்பத்தின் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. இத்தகைய ஆய்வாளர்களுக்கு 2023இல் உயர்த்தப்பட்ட உதவித்தொகை மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய். அது மாதக்கணக்கில் தாமதமாவது ஆய்வாளர்களின் நெடுநாள் குறை. குளிரூட்டும் இயந்திரமும் லேசரும் கேட்காத துறை கோட்பாட்டு இயற்பியல்; அது கேட்பது காலத்தைத்தான். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியை ஐந்தாண்டாக்கி, உதவித்தொகையை மாதம் தவறாமல் வழங்க ஒன்றிய அரசு உடனே ஆணையிட வேண்டும்.