வாத்துக்குஞ்சின் இறக்கை திரும்பிக்கொண்டால்...



பரீட்சை லீவு விட்டால் போதும், பல வீடுகளில் ஒரு புதுக் குரல் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, ஊர்த் திருவிழாவிலோ, தெருவில் கூடையோடு வருபவரிடமோ பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய வாத்துக்குஞ்சு! முதல் வாரம் அட்டைப்பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் கிடக்கும். அடுத்த வாரம் குளியலறை வாளி அதற்குச் சொந்தமாகிவிடும். அதற்கடுத்த வாரம் வீட்டில் ஆளுக்கொரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள்.

ஐந்தாறு வாரம் ஆனதும் நமக்கு போன் வரும். "இறக்கை வெளியே துருத்திக்கிட்டு நிக்குதுங்க. யாராவது மிதிச்சிருப்பாங்களா?"

வாசகர்கள் அனுப்பும் படங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. குஞ்சு கொழுகொழுவென்று இருக்கிறது. கண்ணில் பளபளப்புக்குக் குறைவில்லை. தீனி நன்றாக எடுக்கிறதாம். ஆனால் ஒரு பக்க இறக்கையின் நுனி மட்டும் முதுகோடு படியாமல், வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. பெரும்பாலும் அது இடது இறக்கைதான். பாட்டி இருக்கிற வீடென்றால் அதற்குள் திருஷ்டி கழித்து, மஞ்சள் பற்றும் போட்டாகியிருக்கும்.

யாரும் மிதிக்கவில்லை. யார் கண்ணும் படவில்லை. பெரும்பாலான வீடுகளில் நடந்தது ஒன்றுதான்: சத்தான சாப்பாடு கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

'ஏஞ்சல் விங்' என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கோளாறு இது. வாத்து, பெருவாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகளுக்கே அதிகம் வருகிறது. நம் கைக்கு மேல்கை, முன்கை, மணிக்கட்டு இருப்பதுபோலத்தான் இறக்கைக்கும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு மணிக்கட்டுக்கு அப்பால் பெரிய இறகுகள் முளைக்கத் தொடங்கும். உலர்ந்த இறகைக் கையில் எடுத்தால் காற்றுப்போல இருக்கும். முளைக்கும்போது அப்படி இல்லை. தண்டு முழுக்க ரத்தம் ஓடும், நல்ல கனம் இருக்கும். எலும்பும் தசைநாரும் தேறுவதற்குள் இறகு முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டால் மணிக்கட்டு என்ன செய்யும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒற்றைத் தோளில் பத்தாம் வகுப்புப் பையை மாட்டிய கதைதான். முதலில் தொங்கும், பிறகு திருகிக்கொள்ளும்.

இறகு ஏன் முந்துகிறது? தீவனக் கடையில் "குஞ்சுக்கு" என்று கேட்டுப் பாருங்கள். கையில் கொடுப்பது பெரும்பாலும் பிராய்லர் ஸ்டார்ட்டராக இருக்கும். ஆறு வாரத்தில் கறிக்கோழியைத் தராசில் ஏற்றுவதற்காகத் தயாரித்த தீவனம் அது. புரதம் 22 சதவீத அளவில் இருக்கும். வாத்துக்குஞ்சுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் 20 சதவீதம்வரை சரி. அதன்பிறகு 16 போதும். நாமோ அதே மூட்டையை, அதுவும் தட்டு காலியாகக் காலியாக, இரண்டு மாதம் போட்டுக்கொண்டே இருக்கிறோம். கூடவே மிச்சச் சோறு, பிரெட், பிஸ்கட். வீட்டுக்கு யார் வந்தாலும் அன்பைச் சாப்பாட்டில் காட்டியே நமக்குப் பழக்கம். வாத்து மட்டும் விதிவிலக்கா?

அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் வாத்துக்காரர்கள் பட்டி பட்டியாக ஓட்டிச் செல்லும் வாத்துகளைப் பார்த்திருப்பீர்கள். உதிர்ந்த நெல், நத்தை, புழு, பூச்சி, புல் என்று தேடித் தேடித் தின்று, நாள் முழுக்க நடக்கின்றன. சதை மெதுவாகத்தான் பிடிக்கும். இறக்கைக் கோளாறு அங்கே அரிது.

1982இல் அமெரிக்காவில் கொக்கு இனக் குஞ்சுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. புரதச்சத்து மிகுந்த தீனியால் வேகமாக வளர்ந்த குஞ்சுகளுக்குக் கால், இறக்கைக் கோளாறுகள் அதிகம். நிதானமாக வளர்ந்தவற்றுக்குக் குறைவு. மாங்கனீஸ், வைட்டமின் டி, வைட்டமின் ஈ குறைபாடுகளையும் காரணங்களாகச் சொல்கிறார்கள். பரம்பரையும் உண்டு. ஆகவே பழி முழுவதையும் பிரெட் துண்டின் தலையில் கட்டிவிட முடியாது. பிரிட்டனில் அன்னங்களுக்கு பிரெட் போடக் கூடாது என்று ஒரு பிரசாரம் கிளம்பியபோது, மகாராணியின் அன்னக் காப்பாளராக இருந்த ஆக்ஸ்போர்டு பேராசிரியர் கிறிஸ்டோபர் பெரின்ஸ், பிரெட்டுக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று அறிக்கையே விட்டார். பிரெட்டைக் கண்ணால் பார்க்காத குஞ்சுகளுக்கும் இது வருகிறதாம். அதற்காக நம் வீட்டுத் தட்டில் பிரெட் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் குஞ்சுக்கு வேண்டிய சத்து குறைவு, அது நிரப்புவது வயிற்றை மட்டும்தான்.

சரி, திருகிய இறக்கையைச் சரிசெய்ய முடியுமா? முடியும். ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். எலும்பு இளசாக இருக்கும் இந்த வாரங்களிலேயே கவனித்துவிட்டால் பெரும்பாலான குஞ்சுகள் தேறிவிடும். வளர்ந்து முற்றிய பிறகு கட்டுப் போட்டுப் பயன் இல்லை.

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முறிவு திடீரென்று தெரியும். வீக்கம் இருக்கும், தொட்டால் குஞ்சு துடிக்கும். திருகல் அப்படியல்ல. சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி வந்திருக்கும், பொதுவாக வலியும் இருக்காது. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதுதான் சரி.

கட்டுவதற்கு, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் இழுத்தால் நீளும் பேண்டேஜ் நல்லது. கால்நடை மருந்துக் கடைகளில் 'வெட் ராப்' என்று கேட்டால் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் பேப்பர் டேப். செல்லோடேப், பிளாஸ்திரி எல்லாம் வேண்டாம். பிரிக்கும்போது இறகும் சேர்ந்து வந்துவிடும்.

ஒருவர் குஞ்சை மடியில் வைத்துத் தலைமேல் மெல்லிய துண்டைப் போடட்டும். இருட்டினால் அது அடங்கிவிடும். இன்னொருவர் நல்ல இறக்கை எப்படி மடிந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். மூன்று மடிப்பு, நுனி வால் பக்கம், இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. கோணிய இறக்கையையும் அதேபோல மெதுவாக மடித்து, மடித்த இறக்கையை மட்டும் சுற்றிக் கட்டுங்கள். முளைக்கும் இறகின் தண்டு நீலமாக, தடித்துத் தெரியும். அதை நசுக்கிவிடாதீர்கள். உடைந்தால் ரத்தம் நிற்காமல் வரும். அப்படி ஆகிவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

கட்டு நிற்கவில்லை என்று உடம்பைச் சேர்த்துச் சுற்றுகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஜாக்கிரதை தேவை. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிக் கட்டினால் குஞ்சு மூச்சு முட்டியே செத்துப்போகும். உடம்போடு சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு சுற்று, விரல் நுழையும் தளர்வோடு.

தினமும் காலையில் பாருங்கள். வீக்கமோ சிவப்போ தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்து, குஞ்சைச் சற்று நேரம் சிறகடிக்க விட வேண்டும். எப்போதும் கட்டியே வைத்தால் மூட்டு இறுகிவிடும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் நான்கைந்து நாளில் இறக்கை தன் இடத்தில் நின்றுவிடும். கொஞ்சம் பிந்தினால் இரண்டு வாரம்வரை இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதுவரை வாளி நீச்சல் வேண்டாம், கட்டு நனைந்து ஊறும். தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்கிற ஆழத்தில் ஒரு பாத்திரத் தண்ணீர் மட்டும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

கட்டைவிட முக்கியமானது தட்டு. தீவனத்தை மாற்றாமல் கட்டு மட்டும் போட்டால் அடுத்த இறக்கையும் திரும்பிக்கொள்ளும். பெரிய செலவெல்லாம் இல்லை. கையில் இருக்கும் ஸ்டார்ட்டரில் பாதி, புதுத் தவிடும் மக்காச்சோளக் குருணையும் சேர்ந்து மீதிப் பாதி என்று கலந்தால் புரதம் தானாகவே 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மாங்கனீஸுக்குத் தவிடு நல்லது. காறல் அடிக்கும் பழைய தவிடு மட்டும் கூடாது. முருங்கைக்கீரை, அகத்தி, பொன்னாங்கண்ணி எதுவானாலும் பொடியாக நறுக்கித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். விரட்டி விரட்டித் தின்னும். புரதத்தைக் குறைத்துவிட்டு, பாவம் என்று சோற்றை அள்ளிப் போட்டால் பழைய கதைதான்.

கடலைப் பிண்ணாக்கு சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதில் வளரும் பூஞ்சையின் நஞ்சைத் தாங்கும் சக்தி வாத்துக்குஞ்சுக்குக் கிடையாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் இப்படிப்பட்ட பிண்ணாக்கைத் தின்று கூண்டோடு செத்த பிறகுதான் உலகம் அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சைக் கண்டுபிடித்தது. அந்த நஞ்சைச் சோதித்துப் பார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்தியதே ஒருநாள் வயது வாத்துக்குஞ்சுகளைத்தான் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று, கால் வளைந்து தள்ளாடினால் அது வேறு விஷயம். கோழித் தீவனத்தில் நயாசின் சத்து வாத்துக்குப் போதுமான அளவில் இருப்பதில்லை. ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 55 மில்லிகிராம் தேவை. மருத்துவரிடம் கேட்டு ஈஸ்ட் கொடுக்கலாம்.

வெயிலும் நடையும் மருந்துதான். காலையில் மொட்டை மாடியிலாவது ஒரு மணி நேரம் விடுங்கள். சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது, வாத்து கூட்டத்தில் வாழ்கிற ஜீவன். ஒன்றே ஒன்றை வாங்கி அறைக்குள் வைத்தால் நடக்கவும் நடக்காது, தின்பதைத் தவிர அதற்கு வேறு வேலையும் இருக்காது. வாங்குவதென்றால் இரண்டாக வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள்.

வீட்டில் வளர்ந்துவிட்ட வாத்துக்கு இறக்கை கோணலாகவே நின்றுவிட்டதா? மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை எப்படியும் உயரப் பறக்கப் போவதில்லை. முட்டைக்குக் குறைவில்லை, நீச்சலுக்குக் குறைவில்லை, வலியும் இல்லை. கம்பி வலையில் இறகு மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். "ஊனம் வந்துருச்சு, குழம்பு வெச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், அது அவர்கள் நாக்கின் ஆசை, வாத்தின் நோய் அல்ல! ஒரே ஜோடியின் குஞ்சுகளுக்குத் தீவனம் மாற்றிய பிறகும் திரும்பத் திரும்ப இது வந்தால் மட்டும் அந்த முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக் குஞ்சு மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டதென்றால், இந்தப் பக்கத்தைப் படித்த கையோடு தீவன மூட்டையின் லேபிளில் புரதம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பிறகு குஞ்சைப் பின்பக்கமிருந்து பாருங்கள், இரண்டு இறக்கையும் ஒன்றுபோலப் படிந்திருக்கிறதா என்று. ஒன்று லேசாக விலகியிருந்தாலும் அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள். முறிவு என்று சந்தேகம் வந்து, பக்கத்தில் கால்நடை மருத்துவமனையும் இல்லையென்றால், கால்நடை அவசர உதவி எண் 1962.

அன்புடன்,
ஆசிரியர்