ஃபிரிஜ்ஜில் இருந்த ஆராய்ச்சி

நம் வீட்டு ஃபிரிஜ்ஜில் என்ன இருக்கும்? பால், தயிர், மிஞ்சிப் போனால் இட்லி மாவு. 1986-ல் சென்னையில் ஒரு வீட்டு ஃபிரிஜ்ஜில் ரத்த மாதிரிகள் இருந்தன! 'ஐயையோ!' என்று முகம் சுளிக்காதீர்கள். எய்ட்ஸ் கிருமி நம் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று முதன்முதலில் காட்டிக் கொடுத்தவை அவைதான்.

அந்த வீட்டு இல்லத்தரசி டாக்டர் நிர்மலா. வயது 32, இரண்டு குழந்தைகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு. எய்ட்ஸ் என்றாலே வெளிநாட்டு சமாசாரம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அதையே ஆராயச் சொன்னார் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர்தான் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்கள் இருந்த காப்பகத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டு விட்டவரும் அவரே. கையுறைகூட இல்லாமல் எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா.

சோதிக்க இங்கே வசதி இல்லை. பிப்ரவரியில் தம்பதியர் இருவரும் ராத்திரி ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். அங்கே நடந்தது 'எலைசா' சோதனை. கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க உடம்பு ஒரு புரதத்தைத் தயாரிக்கும். அந்த எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தால் சோதனைத் தட்டின் குழியில் நிறம் மாறும். ஆறு மாதிரிகளில் மாறியது! அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதையே உறுதி செய்தது.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. எய்ட்ஸ் என்று சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். இன்று அப்படிச் செய்ய முடியாது. விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்று, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது.

நிர்மலா பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றி 2010-ல் ஓய்வு பெற்றார். சுனிதி 1993-ல் 'ஒய்.ஆர்.ஜி. கேர்' அமைப்பைத் தொடங்கி, 2015-ல் மறையும்வரை நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. அதனால் நோய் தொற்றாத குழந்தைக்கும் பதினெட்டு மாதம் வரை இந்தச் சோதனை 'உண்டு' என்று காட்டலாம். கிருமியையே தேடும் வேறு சோதனை இருக்கிறது, பதற வேண்டாம். கர்ப்பக் காலத்திலேயே அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். தொற்று இருந்தாலும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். இதில் வெட்கத்துக்கு என்னம்மா வேலை? பெயர் தெரியாத அந்த ஆறு பெண்கள் கொடுத்த ரத்தத்தில் தொடங்கிய வழி இது.