கான்ஸல் துரையும் புஷேர் சுங்கச் சாவடியும்

"கான்ஸல் என்றால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவர்தானே? அவரைப் போய் ஏகாதிபத்தியத்தின் ஆள் என்று ஏன் ஏசுகிறீர்கள்?" என்று மில் வாசல் கூட்டம் ஒன்றில், ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. அவரைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் ஒழுங்கு வந்தது, தந்தி வந்தது, டாக்டர் வந்தார், கடற்கொள்ளை ஒழிந்தது என்று அச்சடித்த புத்தகங்களைத்தானே நம் பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள்? ஆகவே பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம். அங்கே நடந்ததில் நம் பணமும் நம் நாட்டு ஏழைகளின் ரத்தமும் கலந்திருக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனி புஷேரில் கிடங்கு போட்டது 1763இல். அந்த ஊர் ஷேக்கும், நாட்டை ஆண்ட கரீம் கானும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த சலுகைகள் என்ன தெரியுமா? இங்கிலீஷ்காரன் இறக்கும் சரக்குக்கும் ஏற்றும் சரக்குக்கும் சுங்கம் கிடையாது. கம்பளித் துணி கொண்டுவர வேறு எந்த ஐரோப்பியனுக்கும் உரிமை கிடையாது. அவனிடம் சரக்கு வாங்கும் உள்ளூர் வியாபாரி மட்டும் ஷேக்குக்கு நூற்றுக்கு 3 கட்ட வேண்டும்! கடல் தாண்டி வந்தவனுக்கு ஒன்றும் இல்லை. மண்ணின் மைந்தனுக்கு வரி. புஷேரில் கான்ஸல் உத்தியோகத்துக்கு அஸ்திவாரம் போட்டது இந்தக் கணக்குத்தான்.

ஷாவின் கவர்னர்கள் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நம்மூரில் கள்ளுக்கடையையும் சந்தையையும் ஏலம் விட்டதில்லையா? அதுபோலத்தான் அங்கே துறைமுகச் சுங்கத்தையே குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவன் டெஹ்ரானுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, மேலே வசூலித்ததையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டான். மூட்டை தூக்கிய ஹமாலுக்கும், பேரீச்சந்தோப்புக் குடியானவனுக்கும் அவனும் எமன்தான். ஆனால் எமனுக்கு எதிராக அந்த ஏழைக்கு ஒத்தாசை செய்யவா கான்ஸல் வந்தார்? குத்தகைக்காரனோடு தன் சாதி வியாபாரிக்கு மட்டும் தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வந்தார்.

அந்தத் தனிக் கணக்கு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1828இல் ருஷ்யாவின் ஜார் மன்னன் பாரசீகத்தை யுத்தத்தில் தோற்கடித்து, தன் வியாபாரிகளுக்கு நூற்றுக்கு 5 மட்டுமே சுங்கம் என்று எழுதி வாங்கினான். 1841இல் பிரிட்டிஷாரும் அதே சலுகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்நியன் துறையில் 5 கட்டிவிட்டால் அதோடு சரி. பாரசீக வியாபாரியோ ஊருக்கு ஊர், வழிக்கு வழி, சாவடிக்குச் சாவடி வழிவரி அழுதுகொண்டு போக வேண்டும். அவன் எப்படிப் பிழைப்பான்? கெட்டிக்காரன் சிலர் கான்ஸல் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, தங்கள் சரக்கையே பிரிட்டிஷ் பிரஜையின் சரக்கு என்று சொல்லித் தப்பினார்கள். மற்றவன் கடையை இழுத்து மூடினான். உள்ளூர்த் தறி விழுந்தது, மான்செஸ்டர் துணி ஏறியது. நம் நாட்டுக் கைத்தறிக்காரருக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வியாபாரத்தோடு நின்றதா? வழக்கும் கான்ஸல் கைக்குப் போயிற்று. பிரிட்டிஷ் பிரஜை மேல் குற்றமென்றால் அந்த நாட்டு காஜி விசாரிக்க முடியாது; கான்ஸல்தான் நீதிபதி. 1889இல் லண்டனிலிருந்து வந்த உத்தரவு பாரசீகக் கடற்கரைக்கும் தீவுகளுக்கும் இந்த அதிகாரத்தைச் சட்டமாகவே ஆக்கியது. இன்னொருவன் நாட்டுக் கரையில் நீதிமன்றம் நடத்த லண்டன் உத்தரவு போடுகிறது! இதைத்தான் அவர்கள் ஒழுங்கு என்றார்கள்.

புஷேரிலிருந்த அந்த அதிகாரிக்கு ரெஸிடெண்டு என்று பெயர். 1878 முதல் கான்ஸல் ஜெனரல் பதவியும் அவருக்கே. அவரை நியமித்தது யார்? கல்கத்தாவிலிருந்த இந்திய சர்க்கார். வாசலில் காவல் நின்றது யார்? இந்தியச் சிப்பாய். செலவில் பெரும்பங்கு எந்தக் கஜானாவிலிருந்து? உப்புக்கும் நிலத்துக்கும் நம் பாட்டன் கட்டிய வரி போய்ச் சேர்ந்த அதே கஜானாவிலிருந்து. புஷேர்க்காரனை மிரட்ட வைத்த தடிக்கு விலை கொடுத்தவர்கள் நாம், தோழர்களே!

மிரட்டல் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. ஹெராத் கோட்டையை விட்டு ஷா விலக வேண்டும் என்பதற்காக 1838இல் கார்க் தீவைப் பிடித்து 1842 வரை விடவில்லை. 1855இல் பிரிட்டிஷ் தூதர் மர்ரே, மிர்சா ஹாஷிம் கான் என்ற பாரசீகரைத் தன் ஏஜெண்டாக ஷிராஸுக்கு அனுப்பப் பிடிவாதம் பிடித்தார். அந்த ஆளின் மனைவியைச் சர்க்கார் பிடித்து வைத்தது. தூதர் கொடியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம் ஹெராத்தைக் காரணம் காட்டி யுத்தம்! 1856 டிசம்பரில் பம்பாய்ப் படை புஷேரைப் பிடித்தது. 1857 மார்ச்சில் பாரிஸில் சமாதான ஒப்பந்தம். சண்டை போட அனுப்பப்பட்ட அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்கும் ஹெராத்துக்கும் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறு?

பீரங்கிக்கு அடுத்தபடி வந்தது கடன். நம் கிராமத்தில் லேவாதேவிக்காரன் நிலத்தின் மேல் எழுதி வாங்குவான். இவர்கள் துறைமுகத்தின் மேல் எழுதி வாங்கினார்கள். 1900இல் ஜார் சர்க்கார் ஷாவுக்குக் கடன் கொடுத்து, வளைகுடாத் துறைகளும் பார்ஸ் மாகாணமும் நீங்கலாக நாட்டின் சுங்க வருமானம் முழுவதையும் ஈடாகப் பிடித்தது. மிச்சமிருந்ததைப் பிரிட்டிஷார் விடுவார்களா? 1903லும் 1904லும் இந்திய சர்க்கார் பணத்திலிருந்து சுமார் 3 லட்சம் பவுன் கடன். 1911இல் பிரிட்டிஷாரின் இம்பீரியல் பாங்கு மூலம் 12,50,000 பவுன் கடன், வட்டி நூற்றுக்கு 5. ஈடு என்ன? புஷேர், பந்தர் அப்பாஸ், லிங்கா, முஹம்மரா, அஹ்வாஸ் சுங்க வருமானம். பெல்ஜியத்திலிருந்து கூட்டிவந்த அதிகாரிகள் ரசீது எழுதினார்கள். பணம் பிரிட்டிஷ் பாங்கின் பெட்டிக்குப் போயிற்று. பாரசீகனுக்கு மிஞ்சியது கொடிமரம் ஒன்றுதான்.

1903 டிசம்பரில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வைஸ்ராய் கர்சன் பிரபு போர்க்கப்பல்கள் புடைசூழ வளைகுடாவைச் சுற்றிவந்து புஷேருக்கு எதிரே நங்கூரம் போட்டார். பார்ஸ் கவர்னர் வந்து காத்திருந்தார். அப்போது எழுந்தது ஒரு மகா பிரச்சினை: யார் முதலில் யாரைப் பார்க்கப் போவது? கவர்னர்தான் முதலில் தம்மிடம் வர வேண்டும் என்றார் கர்சன். ஷாவின் பிரதிநிதியாகிய நான் என் நாட்டு மண்ணிலேயே ஏன் தாழ வேண்டும் என்றது அந்தப் பக்கம். பேச்சு முறிந்தது. பிரபு கரையில் கால் வைக்காமலே கப்பலைத் திருப்பிக்கொண்டு போனார்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் அந்தக் கவர்னரை முழுவதும் பரிகசிக்க மாட்டோம். சுங்கம் போய், நீதி போய், கடனில் கழுத்து வரை மூழ்கிய சர்க்காருக்கு அன்று மறுத்துச் சொல்ல மிஞ்சியிருந்தது அந்த முதல் சலாம் ஒன்றுதான். அதையாவது மறுத்தார்களே!

இனி அந்தப் பெரிய மனிதர்கள் காட்டும் டாக்டர் விஷயம். பம்பாயில் 1896இல் பிளேக் பரவிய பிறகு, வளைகுடாத் துறைகளில் கப்பல்களைத் தடுத்து நிறுத்திச் சோதிக்கும் வேலை ரெஸிடென்ஸி டாக்டர் கைக்குப் போயிற்று. அதனால் உயிர்கள் பிழைத்திருக்கும், மறுக்க மாட்டோம். ஆனால் எந்தக் கப்பல் இறங்கலாம், எது நாட்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் துறைமுகத்தின் சாவி அல்லவா? அந்தச் சாவி, அங்கே வியாபாரம் பெருக்க வந்தவனின் டாக்டரிடம் இருந்தது. வைத்தியம் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சாவியை வீட்டுக்காரனிடம் கொடுத்திருக்கலாமே? 1920களின் கடைசியில் பாரசீக சர்க்கார் கேட்டு வாங்கும் வரை கொடுக்கவில்லை.

1909இல் நடந்தது இன்னும் பச்சை. எண்ணெய்க் கம்பெனிக்குச் சுத்திகரிப்பு ஆலை கட்ட அபாதான் தீவில் இடம் வேண்டும். புஷேர் ரெஸிடெண்டு பெர்சி காக்ஸ், டெஹ்ரானை ஒதுக்கிவிட்டு முஹம்மரா ஷேக் கஸாலிடம் நேரே பேரம் பேசினார். வருஷத்துக்கு 650 பவுன் வாடகை, கையில் 10,000 பவுன் கடன். பேசியது சர்க்கார் அதிகாரி, லாபம் கம்பெனிக்கு! ஷேக்குக்கு 1910இல் 'சர்' பட்டம், ஆபத்தில் ஆதரவு என்று வாக்குறுதி. 1925இல் ரிஸா கான் படை வந்து ஷேக்கைப் பிடித்துப் போனபோது வாக்குறுதி எங்கே போயிற்று? மத்திய சர்க்காரோடு சிநேகம் லாபம் என்று கண்டதும் கறிவேப்பிலை போல் எடுத்தெறிந்தார்கள். அந்த ஆலையில் வேலைக்கு அழைத்துப்போன இந்தியத் தொழிலாளர்கள் 1920லும் 1922லும் வேலைநிறுத்தம் செய்தபோது, கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு மட்டும் வெகு வேகமாக நடந்தது.

1915இல் முகமூடியும் கழன்றது. பாரசீகம் மகாயுத்தத்தில் நடுநிலை நாடு. ஜூலையில் தங்கிஸ்தான் வீரர்கள் புஷேர் அருகே தாக்கியதில் இரண்டு பிரிட்டிஷ் ஆபீசர்கள் மடிந்தார்கள். ஆகஸ்டில் பிரிட்டிஷார் ஊரையே எடுத்துக்கொண்டு, பாரசீகத் தபால் தலைகள் மேல் 'புஷேர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பின் கீழ்' என்று தாங்களே அச்சடித்தார்கள். திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது போல! தில்வார் கிராமத்தைக் கடலிலிருந்து பீரங்கியால் தாக்கிப் படையை இறக்கினார்கள். அந்தக் கிராமத்தின் ரயீஸ் அலி தில்வாரி செப்டம்பரில் சுடப்பட்டு வீழ்ந்தார். ஒரு சாம்ராஜ்யத்தின் கப்பற்படைக்கு எதிரே அவருக்கு இருந்தது துப்பாக்கி பிடித்த கிராமத்து ஆட்களும் பனை போல் நிமிர்ந்த பேரீச்சந்தோப்புகளும். அங்கேயும் எதிரில் நிறுத்தப்பட்டவன் பஞ்சம் பிழைக்கப் பட்டாளத்தில் சேர்ந்த நம் நாட்டு விவசாயியின் மகன். இதை எழுதும்போது நமக்குக் கை கூசுகிறது.

1928 மே மாதத்தில் பாரசீகம் அந்நியர் நீதிமன்றச் சலுகைகளை ரத்து செய்தது. 1946இல் ரெஸிடெண்டு புஷேரைக் காலி செய்துகொண்டு பஹ்ரைனுக்குப் போனார். அதே வருஷம் ஜூலையில் எண்ணெய்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஸ்ராவுக்கு மறுபடியும் இந்தியாவிலிருந்து துருப்பு! 1951இல் எண்ணெய் தேசவுடைமை ஆயிற்று. 1952 ஜனவரியில் மொஸாதிக் சர்க்கார் நாட்டிலுள்ள பிரிட்டிஷ் கான்ஸல் ஆபீஸ்கள் அத்தனையையும் மூடச் சொன்னது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் ஆபீஸ் என்றால் எதற்காக மூட வேண்டும் என்று லண்டன் பத்திரிகைகள் கேட்டிருக்கலாம். புஷேர் ஹமாலைக் கேட்டிருந்தால் 1763இலிருந்து கணக்குச் சொல்லியிருப்பான். அடுத்த வருஷம் ஆகஸ்டில் லண்டனும் வாஷிங்டனும் கூடி மொஸாதிக்கைக் கவிழ்த்தன; 1954இல் எண்ணெயில் 40 சதவீதப் பங்கு பிரிட்டிஷ் கம்பெனிக்கே திரும்பிப் போயிற்று.