நள்ளிரவு 11.45-க்கு ஒரு வகுப்பு



ராத்திரி பன்னிரண்டு அடிக்கப் போற நேரத்துல எந்தக் கல்லூரியாவது பாடம் நடத்துமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு கல்லூரி நடத்தியது. பங்கர் ஹில் சமுதாயக் கல்லூரி.

2009-ஆம் ஆண்டு. பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். வேலை போனவங்க, போயிடுமோன்னு பயந்தவங்க எல்லாரும் படிக்க வந்து நின்னாங்க. பகல் வகுப்பும் மாலை வகுப்பும் நிரம்பிடுச்சு. "இடமில்லை, அடுத்த வருஷம் பாருங்க"ன்னு கையை விரிச்சிருக்கலாம். விரிக்கலை. இரவு 11.45 முதல் 2.30 வரை உளவியலும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது ஷிப்ட் முடித்தவர்களும், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்தவர்களும் அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? இரண்டு ஆண்டுப் படிப்பு. "உன் மார்க் என்ன?" என்று கேட்டு வாசலில் நிறுத்த மாட்டார்கள். இங்கே முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்கலாம், இல்லையென்றால் நேராக வேலைக்குப் போகலாம். பங்கர் ஹில்லில் படிப்பவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேர் கொண்டவர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஏராளம்.

1973-ல் இந்தக் கல்லூரி எழுந்த இடத்தில் முன்பு இருந்தது சார்ல்ஸ்டவுன் சிறைச்சாலை. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் சாக்கோவும் வான்செட்டியும் 1927-ல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டது அங்கேதான். இளைஞரான மால்கம் எக்ஸ் அடைபட்டிருந்ததும் அங்கேதான். பிழைக்க வந்தவர்களைப் பூட்டி வைத்த இடத்தில், இன்று பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

சரி, இதுல நமக்கு என்ன இருக்கு?

நாம் கல்வி உரிமை என்று பேசும்போதெல்லாம் கட்டணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அது முக்கியம்தான். ஆனால் உழைக்கிற வீட்டுப் பிள்ளையைத் தடுப்பது கட்டணம் மட்டுமா? நேரம் தடுக்குது. பஸ் காசு தடுக்குது. பசி தடுக்குது. ஒருநாள் வகுப்பைத் தவறவிட்டால் "என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்க ஆள் இல்லாததும் தடுக்குது.

இதற்குச் சான்று நியூயார்க்கில் இருக்கிறது. அந்த நகரத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ல் ஒரு திட்டம் தொடங்கியது. உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. புத்தகம் கொடுத்தார்கள். மெட்ரோ ரயில் பாஸ் கொடுத்தார்கள். தொடர்ந்து கவனிக்க ஓர் ஆலோசகரைப் போட்டார்கள். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். மூன்று ஆண்டில், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம் பேர் படிப்பை முடித்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம்! ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடுதல்தான். ஆனால் படிப்பை முடித்த ஒருவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் செலவு குறைவு.

ஒரு குறையையும் சொல்லணும். அந்தத் திட்டத்தில் சேர முழுநேர மாணவராக இருக்க வேண்டும். நாள் முழுக்க வேலை பார்த்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடம் மட்டும் படிக்க முடிகிறவர் அதற்கு வெளியேதான் நின்றார். நள்ளிரவு வகுப்பைத் தேடி வந்தவரும் அதே ஆள்தான். பாஸும் புத்தகமும் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே அது எட்டவில்லை.

"பணத்துக்கு எங்கே போறது?"ன்னு உடனே கேட்பாங்க. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து ஒரு முடிவெடுத்தார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள், அந்த மேல்தொகைக்கு 4 சதவீதம் கூடுதல் வரி கட்டவேண்டும். அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும். 2023-ல் 25 வயது கடந்தவர்களுக்கும், 2024-ல் இளங்கலைப் பட்டம் இல்லாத எல்லோருக்கும் அங்கே சமுதாயக் கல்லூரிப் படிப்பு இலவசமானது.

இந்த நியாயம் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை, தோழர்களே. "ஃபீஸ் இல்லை, வா"ன்னு சொன்னா மட்டும் பிள்ளை பள்ளிக்கு வராது, சோறு போட்டால்தான் வரும் என்று கண்டுபிடித்த மண் இது. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் போட்ட அந்தச் சாப்பாடுதான், 1956-ல் மதிய உணவாகவும் 1982-ல் சத்துணவாகவும் மாநிலம் முழுக்கப் பரவியது. பள்ளிப் பிள்ளைக்கு நாம் யோசித்ததை, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க ஆசைப்படுகிறவருக்கும் யோசிக்க வேண்டாமா?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் தங்கச்சி எப்போது வீடு திரும்புகிறாள்? வண்டியில் சாப்பாடு டெலிவரி பண்ணும் தம்பிக்கு எந்த நேரம் ஓய்வு? அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள அரசுக் கல்லூரியின் கதவு திறந்திருக்கிறதா? வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பேருந்து இருக்கிறதா?

நம் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஏற்கெனவே இரண்டு ஷிப்ட் நடக்கிறது. கட்டடம் இருக்கு, பெஞ்ச் இருக்கு. உழைப்பவர்களுக்காக மூன்றாவது ஷிப்ட் கேட்போம். அதோடு கடைசிப் பேருந்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தே கேட்போம். அந்த நேரத்தில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு நிரந்தரப் பணியும் முறையான ஊதியமும் கேட்போம். அவரும் உழைப்பாளிதான்.

வேலைக்குப் போனதால் படிப்பை விட்டவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். எந்த நேரத்துக்கு வகுப்பு வைத்தால் அவரால் வரமுடியும்? இன்று அவரிடம் கேட்டு, கமெண்டில் எழுதுங்கள். நம் கோரிக்கை அங்கிருந்து தொடங்கட்டும்.

#உழைப்பவருக்கும்_கல்லூரி